கப்பல் நின்றால் கலங்க வேண்டாம்!

ஐப்பசி பிறந்தால் அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். வடகிழக்குப் பருவமழை பெய்தால்தான் கண்மாய் நிறையும். கரிசல் காட்டில் விதை முளைக்கும். அந்த வறண்ட பூமிக்கு அந்த மழைதான் உயிர்.

அதே பருவக்காற்று கடலில் என்ன செய்கிறது? கப்பலை நிறுத்திவிடுகிறது!

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையில் உள்ள காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ந் தேதி பயணிகள் கப்பல் புறப்பட்டது. சுமார் 110 கிலோ மீட்டர் தூரம். நான்கு மணி நேரப் பயணம். மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்த மாதம் 20-ந் தேதியோடு கப்பல் நின்றது. காரணம், பருவமழை. மறுபடியும் ஓடியது 2024 ஆகஸ்டு 16-ந் தேதிதான்.

மழைக்காலத்தில் கூட்டம் குறைவு. விடுதி வாடகையும் குறையும். நெசவாளர் வீடுகளில் தீபாவளிச் சரக்கு போய்விட்டால் கையில் கொஞ்சம் காசு இருக்கும். மழையில் தெருவில் பாவு நீட்ட முடியாது. "சும்மா இருப்பதற்கு யாழ்ப்பாணம் போய் வரலாமே" என்று தோன்றும். நயினாதீவில் நாகபூசணி அம்மனைக் கும்பிட வேண்டும் என்பார் பாட்டி. நெடுந்தீவில் காட்டுக் குதிரை பார்க்க வேண்டும் என்பார்கள் பிள்ளைகள்.

ஆசை நியாயமானது. ஆனால் காலம் சரியில்லை. இந்தத் தீவுகளுக்குக் குறிகட்டுவான் துறையில் படகு ஏற வேண்டும். காற்று பலத்தால் அந்தப் படகும் ஓடாது.

கடலோடு பிடிவாதமா?

கப்பல் இல்லை என்றதும் சிலர் சண்டைக்குப் போகிறார்கள். "பணம் கட்டியிருக்கிறோம், விடு படகை" என்கிறார்கள். இது தவறு. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். பலத்த காற்று அடித்தால் அலை குத்தென்று எழும்பும்.

1964 டிசம்பர் 22-ந் தேதி இரவை மறக்கலாமா? பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலையே புயல் அலை விழுங்கியது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயிலுக்கே அந்தக் கதி என்றால் படகு எம்மாத்திரம்? புயல் கூண்டு ஏறினால், குழந்தை குட்டிகளோடு துறைமுகத்துக்குப் போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

என்ன செய்யலாம்?

கரிசல் விவசாயியின் கணக்கே நல்ல கணக்கு. தை, மாசியில் அறுவடை முடியும். பங்குனியில் கை ஓயும். அப்போது வடகிழக்குக் காற்றும் தணிந்திருக்கும். தீவுப் பயணத்தை அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் போய்த்தான் ஆகவேண்டுமா? இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். அதற்குச் சாப்பாட்டுச் செலவும் அறை வாடகையும் தனியாக முடிந்து வையுங்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் ஐந்து நாளைக்கு அதிகமாக இருக்கட்டும். வீட்டை விட்டுக் கிளம்புமுன் கப்பல் உண்டா என்று கேளுங்கள். விசா முடியும் நாளுக்குத் திரும்புகிற டிக்கெட் வாங்காதீர்கள்.

யாழ்ப்பாணம் போன பிறகு படகு நின்றால், புங்குடுதீவும் வேலணையும் காரைநகரும் தீவுகள்தாம். கடலுக்குள் போட்ட சாலை வழியாகத் தரையிலேயே போகலாம். நாகப்பட்டினத்தில் கப்பல் நின்றால், பக்கத்திலேயே நாகூரும் வேளாங்கண்ணியும் இருக்கின்றன.

ராமேசுவரமும் தீவுதான். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ந் தேதி புதிய பாலம் திறக்கும் வரை ரயில் தீவுக்குள் போகவில்லை. பக்தர்கள் சாமி கும்பிடாமலா இருந்தார்கள்? சாலைப் பாலத்தில் பஸ் ஏறிப் போனார்கள்!

நடத்துகிறவர்களுக்கும் கடமை உண்டு

பொறுமை பயணிக்கு மட்டும் அல்ல. பருவமழை ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. அது திடீர் விருந்தாளி அல்ல. ஆகவே கப்பல் எந்த மாதங்களில் நிற்கக்கூடும் என்பதை டிக்கெட் விற்கும்போதே சொல்ல வேண்டும். நின்றால், பயணி ஊரை விட்டுக் கிளம்புமுன் தகவல் போக வேண்டும். கட்டிய பணத்தை அலைய விடாமல் திருப்பித் தர வேண்டும். தறியில் உட்கார்ந்து சேர்த்த காசு அது!

கப்பல் நின்ற நாளில் திருச்சுழிப் பக்கம் ஒரு கண்மாய் நிறைந்திருக்கலாம். அதை நினைத்தால் ஏமாற்றம் பாதி குறையும். தீவு எங்கும் போய்விடாது. பங்குனியிலும் அங்கேயேதான் இருக்கும். பதறாத காரியம் சிதறாது!