பாட்டி வைத்த சர்க்யூட்

"மொட்டை மாடியில் ஸோலார் போட்டுடலாம் மாமி, ரிப்பேர் வந்தா யாரைத் தேடறது?" என்று என்னைக் கேட்கிற பெண்கள் நிறையப் பேர். நியாயமான கேள்விதான். பலகையைப் பொருத்துவது ஓரிரு நாள் வேலை. கட்டிக் காப்பது பல வருஷத்துப் பாடு அல்லவா?

இதற்கு ஒரு கல்லூரியே பதில் சொல்லியிருக்கிறது. ராஜஸ்தானில் அஜ்மீர் மாவட்டம், திலோனியா கிராமம். பங்கர் ராய் என்பவர் 1972-ல் தொடங்கிய அந்த இடத்துக்கு 'வெறுங்கால் கல்லூரி' என்று பெயர். 1989-லேயே அங்கே சூரிய சக்தி விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது! கூரைமேல் 45 கிலோவாட் பலகைகள் இருப்பதாக 2011-ல் ராய் ஒரு மேடையில் சொன்னார். பகல் வெயிலில் பிறக்கும் மின்சாரம் பேட்டரியில் சேர்ந்து, இரவில் விளக்காகிறது. சமையலுக்கும் வெயில்தான். குழிந்த பெரிய கண்ணாடித் தட்டு வெயிலைக் குவித்துப் பானையைச் சுட வைக்கிறது. அந்த அடுப்பைச் செய்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்.

கல்லூரிக்கு ஸோலார் அமைத்தவர் யார் தெரியுமோ? எட்டாவது வரை படித்த ஒரு கோயில் பூசாரி!

பிற்பாடு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்துகூடப் பாட்டிமார் வந்து, ஆறு மாதம் தங்கி இந்த வேலையைக் கற்றார்கள். பாஷை புரியாது, சைகையும் நிறமும்தான் பாடம். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று பார்த்துப் பார்த்துப் பற்றவைத்தார்கள். புடவைக்கு ஜாக்கெட் துணி பொருத்தம் பார்க்கிற கண்ணுக்கு இது ஒரு பிரமாதமா?

ஏன் பாட்டிகள்? வாலிபர்கள் சர்டிபிகேட் கையில் கிடைத்ததும் பட்டணத்துக்கு ரயில் ஏறிவிடுவார்களாம். பாட்டி ஊரைவிட்டுப் போகமாட்டாள். அவள் இருக்கும்வரை விளக்கும் எரியும். அதனால் அங்கே சர்டிபிகேட்டே கிடையாது.

எனக்கு இதில்தான் விஷயம் இருக்கிறது. விளக்கு எரிவது வெயிலால் மட்டுமல்ல. ரிப்பேர் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் இருப்பதால். நம் வீட்டில் மெக்கானிக் வந்தால் என்ன செய்கிறோம்? காபியை நீட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறோம். இனிமேல் போகாதீர்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், கேளுங்கள். பலகையில் தூசி படிந்தால் மின்சாரம் குறையும் என்பதையும், தண்ணீர் ஊற்றும் பேட்டரியானால் டிஸ்டில்ட் வாட்டர்தான், குழாய்த் தண்ணீர் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மகளையும் மாமியாரையும் கூடவே நிறுத்திக்கொள்ளுங்கள்.

"நமக்கெதுக்கு இதெல்லாம்?" என்று மட்டும் சொல்லாதீர்கள். திலோனியாப் பெண்கள் அப்படிச் சொல்லவில்லையே!