ஆனை நடந்த நீரும் கலம் நின்ற துறையும்

வட இலங்கையின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, காற்றுக்கும் அலைக்கும் ஒதுக்கமான ஒரு நீர்நிலையைத் தேடுகிற எவருடைய விரலும் முதலில் போய் நிற்கக்கூடிய ஸ்தலம் ஆனையிறவுதான். மேற்கே யாழ்ப்பாணப் பரவைக்கடல், கிழக்கே சுண்டிக்குளம் வரை நீளும் கடல்நீரேரி, வடக்கே குடாநாடு, தெற்கே வன்னிப் பெருநிலம் என்று நாற்புறமும் திறந்த கடலுக்கு மறைவான இவ்விடத்தைக் காட்டி, உல்லாசப் பாய்ப்படகுகள் வந்து தங்குவதற்கு இதைவிட அடக்கமான துறை வேறு எது என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏ-9 வீதி பக்கத்திலேயே ஓடுகிறது, புகையிரதமும் நிற்கிறது, பிரயாணிகளுக்குச் சௌகரியத்தில் என்ன குறை என்பது அவர்களுடைய வாதம். தரையில் நின்றுகொண்டு கடலைப் பார்க்கிறவர்களின் வாதம் அது என்பதே என் அபிப்பிராயம்.

இவ்விஷயத்தில் நம்மைவிட விவேகமாக நடந்துகொண்டவர்கள் ஆனை வியாபாரிகள். போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் வன்னிக் காடுகளில் பிடிக்கப்பட்ட ஆனைகள், ஆழமில்லாத இந்தப் பரவையைக் காலால் கடந்து குடாநாட்டுக்குள் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து மேற்கு முனையிலுள்ள ஊர்காவற்றுறைக்கு நடத்திச் செல்லப்பட்டு, இந்தியாவுக்குப் போகும் மரக்கலங்களில் ஏற்றப்பட்டன. ஆனையை இத்தனை தூரம் நடத்திச் செல்வது எளிய காரியமன்று. தீனியும் தண்ணீரும் ஆளும் வேண்டும். கலத்தை ஆனையிடம் கொண்டுவர முடிந்திருந்தால் லாபக் கணக்கில் கெட்டிக்காரரான ஒல்லாந்தர் அதைச் செய்யாமல் விட்டிருப்பார்களா? ஆனை நடந்து கடக்கக்கூடிய நீரில் கலம் மிதக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

தென்மேற்குக் காற்றாகிய சோளகம் இன்னும் அடங்காத ஆவணி மாதத்து மத்தியானத்தில் ஆனையிறவின் மேற்குக் கரையில் நின்று பார்த்தால், கரையை விட்டு வெகுதூரம் போய்விட்ட ஒருவர், இடுப்பில் பறியைக் கட்டிக்கொண்டு, முழங்காலளவு நீரில் நடந்தபடியே இறாலுக்கு வீச்சுவலை எறிவதைக் காணலாம். அவர் கால் வைத்த இடத்தில் கலங்கும் சேறு தெளிவதற்கு வெகுநேரம் பிடிக்கிறது. நீருக்கு ஓட்டமில்லை என்பதற்கு அதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை. ஆழமின்மை, ஓட்டமின்மை, கொளுத்தும் வெயில், ஓயாத வறண்ட காற்று ஆகிய இந்த நான்கும் சேர்ந்துதான் ஆனையிறவை உப்பளத்துக்குப் பேர்போன இடமாக்கின. உப்பு விளைவதற்கு உகந்த குணங்களுள் ஒன்றேனும் மரக்கலம் தங்குவதற்கு உகந்ததன்று. நடுத்தரமான ஒரு பாய்ப்படகின் அடிக்கட்டை நீருக்குள் ஐந்தாறு அடி இறங்கியிருக்கும். ஆனையிறவில் அது மிதக்காது, நட்டு வைத்தாற்போல நிற்கும்.

நீர் ஆழமாக இருந்தாலும் வழி இல்லை. மேற்கிலிருந்து வருகிற பாய்ப்படகு 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தின் கீழே புகவேண்டும். உயர்ந்த பாய்மரத்தைச் சாய்க்காமல் அது ஆகாது. கிழக்கே சுண்டிக்குளத்தில் மணல்திட்டும் அணையும் கடலை மறிக்கின்றன. அந்த அணைக்கு மூலமான, பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1950களில் வகுத்த திட்டம், கனகராயன் ஆறு கொண்டுவரும் மழைநீரை ஆனையிறவின் கிழக்கேயுள்ள கடல்நீரேரியில் தேக்கி, வடமராட்சிக் கடல்நீரேரிக்குத் திருப்பி, குடாநாட்டின் கிணறுகளை நன்னீராக்க வேண்டும் என்பது. அந்த நோக்கத்துக்குக் கடலை அடைப்பது அவசியமாயிற்று. குடிநீர் பெரிதா, உல்லாசப் படகு பெரிதா என்று கேட்டால் என் வாக்கு தயக்கமின்றிக் குடிநீருக்கே. போதாததற்கு, சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். பூநாரைகள் இறங்கும் சதுப்பில் உல்லாசப் படகுகளின் இரைச்சலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எந்த உல்லாசத்தில் சேர்த்தி என்பது எனக்கு விளங்கவில்லை.

அப்படியானால் ஒதுக்கம் என்பது யாது? சித்திரை மாதத்துக் கடல் எங்கும் குளம்போலத்தான் கிடக்கும். அன்றைக்குப் பார்த்து ஒரு துறையைத் தீர்மானிப்பவர் சோளகத்தில் ஏமாறுவார், அதில் தப்பினாலும் வடகிழக்குக் காற்றாகிய வாடையில் ஏமாறுவார். இந்தக் கடலில் ஆண்டுக்கு இருமுறை காற்று திசை மாறுகிறது; ஒரு காற்றுக்கு முதுகு காட்டும் கரை மற்றதற்கு முகம் காட்டும். நங்கூரம் இறங்கும் தரை சேறும் மணலுமாக இருந்தால் கவ்வும். சுண்ணாம்புப் பாரில் வழுக்கும், அல்லது இடுக்கில் சிக்கி மீளாமற் போகும். கயிறோ ஆழத்தைப் போல ஏழு மடங்கு வரை விடப்பட வேண்டுமாதலால், அந்த நீளத்துக்குப் படகு வட்டமிட்டுச் சுழலவும் இடம் வேண்டும். இவை யாவும் அமைந்தாலும், காற்று மாறிய நள்ளிரவில் வெளியேற வாய்க்கால் இல்லாவிட்டால் அது துறையன்று, பொறி.

முல்லைத்தீவுக் கரையை இந்த அளவுகோலால் அளப்பது வெகு சுலபம். கொக்கிளாய் முதல் சுண்டிக்குளம் வரை பெயர் சொல்லத்தக்க ஒரு முனை கிடையாது; வாடைக்கு நேர்முகமாக நீண்டு கிடக்கிற மணற்கரை. நாயாறும் கொக்கிளாயும் முகத்துவாரங்களைப் பருவத்துக்குப் பருவம் மணலால் அடைத்துக்கொள்கின்றன. ஆகவேதான் இங்குள்ள கடற்றொழிலாளர் படகைக் கடலில் கட்டி வைப்பதில்லை. மணலின் மீது இழுத்து ஏற்றிவிடுகிறார்கள். அதுவே அவர்களுடைய துறைமுகம். 2004 மார்கழியில் கடல் எழுந்து வந்தபோது அந்த மணலும் காப்பாக இருக்கவில்லை.

வடகரையிலோ பார்கள். பாரை வெட்டி வான் எனப்படும் வாய்க்கால் தோண்டி, அதன் வழியாகவே வள்ளங்களை உள்ளே எடுக்கிறார்கள். அப்படிப்பட்ட வல்வெட்டித்துறையில்தான் ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் கட்டப்பட்டது என்பதையும், சிறு படகொன்றில் முன்னரே உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதனை விலைக்கு வாங்கியதையும், நம்மூர் மாலுமிகளே அதனைச் செலுத்திக்கொண்டு போய் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்ததையும் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். உலகறிந்த பாய்ப்படகோட்டி ஒருவர் கலம் தேடிவந்த கரை இது. இன்றைக்கு அவரைப்போல் ஒருவர் வந்தால் காலிக்கோ திருகோணமலைக்கோதான் போய்த் தங்கவேண்டும்; வடக்கைக் காண அங்கிருந்து பஸ் ஏறவேண்டும்.

எனவே வடக்கிலும் ஒரு துறை வேண்டும் என்ற ஆசையை நான் குறைகூறவில்லை. அது ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட நீர்வழியில் அமையட்டும் என்கிறேன். மேற்கே எழுவைதீவும் அனலைதீவும் காவல் கிடக்க, வடக்கே காரைநகர் வாடையைத் தடுக்க, நடுவே கடற்கோட்டை நிற்கிற அந்த வாசலைப் போர்த்துக்கேயர் தெரிந்தெடுத்தது அழகுக்காக அன்று. ஆழத்தை இப்போது புதிதாக அளக்கட்டும். பழைய பெருமையை நம்பிப் படகைக் கொண்டுபோய்த் தரைதட்ட விடவேண்டாம். படகு கட்டும் மிதவைகளை இடும்போது ஊர்க் கடற்றொழிலாளர் கட்டும் இடத்தை விட்டு எட்டவே இடவேண்டும்; அவர்களுக்கு இறங்குதுறை கட்டிக் கொடுத்த பிறகு விருந்தாளிக்குக் கட்டினால் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அளவைக்கு வருகிற உத்தியோகத்தர்கள் தயவுசெய்து சித்திரையில் வரவேண்டாம். கார்த்திகையில் ஒரு தடவையும் ஆனியில் ஒரு தடவையும் வந்து, இரவிலும் அந்த நீரிலேயே தங்கி, 2008 கார்த்திகையில் நிஷா புயல் வீசியபோது எந்த வள்ளம் எங்கே கட்டப்பட்டிருந்தது, எது அறுத்துக்கொண்டு போயிற்று என்று ஊரிலுள்ள வயதான தண்டையல்மாரிடம், அதாவது படகுத் தலைவர்களிடம், கேட்டு, அதையும் அறிக்கையில் எழுதிக்கொள்ள வேண்டும்.