டால்பின் மலத்தில் என்ன தேடுகிறார்கள்? நம்ம மீன் குழம்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பூரணாங்குப்பம் பக்கம் மீன் வாங்கிக் கழுவும்போது, குடல் ஓரமாகச் சுருண்டு கிடக்கும் வெள்ளை நூல் மாதிரியான புழுவைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அது அனிசாகிஸ் வகைப் புழுவின் இளம்பருவமாக இருக்கலாம். அதற்கு மீன் வெறும் வழிச்சத்திரம்தான். போய்ச் சேர வேண்டிய வீடு, டால்பின் அல்லது திமிங்கிலத்தின் வயிறு. அங்கே வளர்ந்து முட்டையிடும். முட்டை மலத்தோடு கடலில் விழும். பொரிந்து வரும் புழுவைக் கூனி இறால் மாதிரியான சின்ன உயிர்கள் தின்னும், அவற்றை மீனும் கணவாயும் தின்னும், கடைசியில் டால்பின்.

நடுவில் நாம் சாப்பிட்டால்? குழம்பு கொதித்தால் புழு செத்துவிடும், பயம் வேண்டாம். பச்சையாகச் சாப்பிடும் சுஷி ஆசை இருந்தால் மட்டும், மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் உறைய வைத்த மீனா என்று கேளுங்கள். எலுமிச்சை பிழிவதை நம்ப வேண்டாம்.

செத்த உடல் போதாதா?

2016 ஜனவரியில் திருச்செந்தூர் பக்கம் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. இப்படி ஒதுங்குபவை பெரும்பாலும் ஏற்கெனவே சிக்கலில் இருப்பவை. நம் வெயிலில் உடலும் சீக்கிரம் அழுகிவிடும். நீந்திக்கொண்டிருக்கும் நல்ல விலங்கின் குடல் எப்படி இருக்கிறது என்பதை அதன் மலம்தான் சொல்லும். அதுவும் விலங்கைத் தொடாமலே.

வேலை சுலபமில்லை. டால்பின் மலம் புகை மாதிரி பரவிச் சில நிமிடங்களில் கரைந்துவிடும். கடற்புல் தின்னும் ஆவுளியா பரவாயில்லை. அதன் சாணம் குதிரைச் சாணம் மாதிரி கட்டியாக இருக்கும், மிதக்கவும் செய்யும். கிடைத்ததை அடர்ந்த உப்புக் கரைசலில் கலக்கினால் உருளைப்புழு முட்டைகள் மேலே வரும். தட்டைப்புழு முட்டை கனமானது, அடியில் தேட வேண்டும். ஒரு பங்கை ஆல்கஹாலில் போட்டு வைத்தால் டிஎன்ஏ பரிசோதனையும் செய்யலாம்.

ஆவுளியாவில் மனித நோய்

ஆவுளியா குடலில் வாழும் ஒரு தட்டைப்புழுவுக்கு 1954-லேயே லங்காட்ரெமா மன்னாரென்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இலங்கையும் மன்னாரும் பெயரிலேயே இருக்கின்றன. இவை ஆவுளியாவோடு காலங்காலமாக வாழ்பவை, இருப்பதே ஆபத்து என்று சொல்ல முடியாது. சொல்லப்போனால், மீன்களில் அனிசாகிஸ் 1970-களுக்குப் பிறகு 283 மடங்கு கூடியிருக்கிறது என்று 2020-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. சட்டப் பாதுகாப்பால் கடல் பாலூட்டிகள் பெருகியது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் யூகம்.

கவலை வேறு இடத்தில். 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்திரேலிய ஆவுளியா ஒன்றிடம் வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியம் கிருமி இருந்தது, அதுவும் மனிதர்களிடம் காணப்படும் ரகம். சாக்கடை வழியாகப் போயிருக்கலாம் என்ற சந்தேகம் இயல்பாகவே வரும். சுண்ணாம்பாறு மாதிரி ஊர்களைத் தொட்டுவிட்டுக் கடலில் சேரும் ஆறுகள் நம் கரையில் நிறைய.

இந்தியாவில் சுமார் 240 ஆவுளியாக்கள்தான் மிச்சம் என்று சொல்லித்தான், 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. இவ்வளவு சின்னக் கூட்டத்தில் புதுத் தொற்று புகுந்தால், செத்த உடல் ஒதுங்கும்வரை காத்திருப்பது ரொம்பத் தாமதம். வலையில் சிக்கிய ஆவுளியாவை விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை தருகிறது. அதே மீனவர்களிடம் ஆல்கஹால் ஊற்றிய சின்ன டப்பா ஒன்றையும் கொடுத்து, மிதக்கும் சாணத்துக்கும் ஒரு தொகை வைக்கலாம். பெரிய செலவு ஆகாது.