ஐம்பதாவது ஆள்

என் பாட்டிக்குத் தங்கிய பிள்ளைகள் ஒன்பது. அம்மாவுக்கு மூன்று. எனக்கு ஒன்று. பி.காம். படித்த தோஷம், இந்த வரிசையை மேலே இழுத்துப் பார்த்தேன். என் மகனுக்குப் பிறக்கப்போவது மூன்றில் ஒரு பங்கு குழந்தை!

சிரிக்காதீர்கள் சார். தமிழ்நாட்டுக் கணக்கும் கிட்டத்தட்ட இந்தத் திசையில்தான் போகிறது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 1992-93-ல் எடுத்தபோது இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.48 குழந்தைகள். 2019-21-ல் அதே கணக்கெடுப்பில் 1.8. ஜனத்தொகை ஏறாமல் இறங்காமல் நிற்க 2.1 வேண்டுமாம். அதாவது, வட்டி போதாமல் முதலில் கை வைத்தாயிற்று.

ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் போட்டு, 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று எழுதினார்கள். சமர்த்தாகக் கேட்டுக்கொண்டோம். இப்போது என்னடா என்றால், சொன்ன பேச்சைக் கேட்டதற்கு எம்.பி. தொகுதி குறைந்துவிடுமோ என்று பயம். 2024 அக்டோபரில் முதல்வர் ஸ்டாலின் ஒரு கல்யாண மேடையில், இந்த நிலைமையில் பதினாறு பெற்றால் என்ன என்று ஜனங்கள் நினைக்கும்படி ஆகிவிட்டதே என்று பேசினார். (பழைய வாழ்த்தில் வரும் பதினாறு, செல்வங்கள். பிள்ளைகள் இல்லை. அதையும் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.)

எதிர்வீட்டு மாமாவுக்கு அது போதாதா? "ஏம்ப்பா, ஒன்னோட நிறுத்திடாதே" என்று வந்துவிட்டார்.

"பெத்துக்கலாம் மாமா. காலைல எட்டுலேர்ந்து ராத்திரி ஏழு வரைக்கும் யார் பார்த்துப்பா?"

போன் வருகிறது என்று எழுந்து போய்விட்டார். போன் அடித்த மாதிரி எனக்குக் கேட்கவில்லை.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. என் மனைவிக்குக் கிண்டியில் வேலை. 2017-ல் சட்டத்தைத் திருத்தி மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக ஆக்கினார்களே, அந்த 26 வாரத்தையும் சம்பளத்தோடு கொடுத்தார்கள். குறை சொல்லக் கூடாது. ஆனால் 27-வது வாரம் என்று ஒன்று வருகிறதே! அதற்கும் அதே திருத்தத்தில் வழி இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும். அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

மனைவி ஆசையோடு போய்க் கேட்டாள். மேனேஜர் புன்னகையோடு பதில் சொன்னாராம்: "மேடம், நம்ம ஸ்ட்ரெங்த் 49."

போன வருஷம்? 49. அதற்கு முந்தின வருஷம்? 49. ஒருவர் சேர்ந்தால் ஒருவர் போகிறார். வாட்ச்மேன், கூட்டுகிறவர், டீ கொடுக்கிற பையன் எல்லாம் காண்ட்ராக்ட் கணக்கு. அந்த ஐம்பதாவது ஆள் மட்டும் வேலைக்கு வரட்டும், கிண்டி ஸ்டேஷனில் மாலையோடு நிற்கிறேன்.

சரி, வெளியே தேடுவோம் என்று கிளம்பினோம். முதல் இடத்தில் ஏ.சி., கேமரா, சுவர் முழுக்க யானை. ஃபீஸ் அவள் சம்பளத்தில் சரிபாதி. மாலை ஆறரைக்கு மேல் கால் மணிக்கு நூறு ரூபாய் அபராதம். அவள் மேலதிகாரிக்கோ ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் 'ஒரு சின்ன டவுட்' வரும்.

இரண்டாவது இடம் மலிவு. பதினாலு குழந்தை, ஒரு ஆயா. நாங்கள் போனபோது காலை பதினொரு மணி. பதினாலும் தூங்கிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் ஒரே ஒரு குழந்தை, அதைத் தூங்க வைக்க மூன்று பேர் வேண்டும். "எப்படிங்க?" என்று ஆயாவைக் கேட்க வாயெடுத்தேன். மனைவி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தெருமுனை வரை பேசவில்லை.

அங்கன்வாடி டீச்சர் தங்கமான மனுஷி. "ரெண்டு வயசு முடியட்டும், தாராளமா கூட்டிட்டு வாங்க. ஆனா நீங்க ஆபீஸ் விட்டு வர்ற நேரத்துக்கு நாங்க பூட்டிட்டுப் போயிருப்போம்" என்றார். சத்துமாவு பாக்கெட் கிடைத்தது.

கடைசியில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். கும்பகோணத்திலிருந்து அம்மாவை வரவழைத்தோம். மாமியார் கைவசம் இல்லை. மச்சினன் குழந்தைக்காக ஓசூரில் டியூட்டி.

அம்மா வந்து மூன்று மாதம். அப்பா ஊரில் தனியாக மெஸ் சாப்பாடு. தினம் ராத்திரி எட்டு மணிக்கு போன் வரும். "பெருங்காயம் எங்க வச்சிருக்கே?" "ரெண்டாவது தட்டுல, மஞ்ச டப்பா." நேற்றும் அதே கேள்வி, அதே டப்பா. மெஸ்ஸில் சாப்பிடுகிறவருக்குப் பெருங்காயம் எதற்கு என்று எனக்குப் புரியவே ஒரு மாசம் ஆயிற்று.

அம்மாவுக்கு முழங்கால் வலி. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பையன் ஒன்பது கிலோ. பி.எஃப். கிடையாது, லீவு கிடையாது. எங்கள் வீட்டு வரவு செலவில் இந்தச் செலவை நான் எந்தப் பக்கத்திலும் எழுதியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்டாள்: "ஒரு பத்து நாள் ஊருக்குப் போயிட்டு வரட்டுமாடா?"

என்னிடம் அனுமதி கேட்கிறாள்! எனக்கு இட்லி இறங்கவில்லை. "போயிட்டு வாம்மா. ஆனா பத்து நாள் இவனை யாரு..." என்று இழுத்தேன்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "ஆபீஸ்ல ஐம்பதாவது ஆள் வருவாரான்னு தெரியாது. வீட்ல ஒருத்தர் நாள் பூரா உட்கார்ந்துதானே இருக்கார்?"

நான் பகலில் நாலு கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறேன், பாக்கி நேரத்தில் இதை எழுதுகிறேன். எல்லாம் வீட்டிலிருந்தபடியேதான். இத்தனை இடம் தேடினோமே, இந்த மேஜைப் பக்கம் மட்டும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு உழவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். இன்று மூன்றாம் நாள். கஞ்சி இரண்டு தடவை ஊட்டினேன், ஒரு தடவை உள்ளே போனது. நேற்று ராத்திரி எட்டு மணிக்கு அப்பாவிடமிருந்து போன் வரவில்லை. நான்தான் கும்பகோணத்துக்குப் போட்டேன்.

"அம்மா, வசம்பு எங்க வச்சிருக்கே?"

தூளி அசைகிறது சார். மீதி அடுத்த வாரம்.