பட்டருக்குப் புதுப் பிடி

உதகமண்டலத்திலிருந்து ஒரு சகோதரி நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பதின்மூன்று வயதுக் குமாரி கோல்ப் பயின்று வருகிறாள். அவளுடைய மாமன் தாம் பல வருஷம் உபயோகித்த பட்டர் ஒன்றை அவளுக்கு மனமுவந்து கொடுத்தாராம். மட்டை நல்ல மட்டைதான். ஆனால் அதன் ரப்பர்ப் பிடி வியர்வையையும் வெயிலையும் குடித்துக் குடித்துக் கண்ணாடிபோல் பளபளத்து, கல்போல் இறுகிவிட்டது. மலைப் பனியில் கை கொஞ்சம் ஈரமானாலும் வழுக்குகிறது. அடுத்த மாதம் பந்தயம். பெங்களூருக்கு அனுப்பினால் எப்பொழுது திரும்பி வருமோ தெரியாது. "நானே மாற்றிவிடுகிறேன்" என்று பெண் கத்தியைத் தேடப் போக, "கோணலாகிவிட்டால் என்ன செய்வாய்? இந்த மாதிரி வேலைக்கெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள், நீ போய்ப் பாடத்தைப் படி" என்று தகப்பனார் தடுத்துவிட்டாராம். இந்த வழக்கில் நம்முடைய தீர்ப்பு என்ன என்று கேட்கிறார் சகோதரி.

நமது தீர்ப்பு பெண்ணின் பக்கம். ஆனால் தகப்பனார் சொன்னதில் பாதி நியாயமும் இருக்கிறது. அந்தப் பாதி எது என்பதைப் பிறகு சொல்லுகிறோம்.

பட்டர் என்றதும் சில நேயர்களுக்கு ஸ்ரீரங்கத்து அர்ச்சகர் நினைவுக்கு வரலாம். வேறு சிலருக்கு ரொட்டியில் தடவும் வெண்ணெய் நினைவுக்கு வரலாம். நாம் சொல்லும் பட்டர் இரண்டும் அல்ல. கோல்ப் ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரையில் வைத்துக்கொள்ளலாம். அவற்றில் பந்தை ஆகாயத்தில் பறக்க விடுபவை பல. குழிக்கு அருகில், கம்பளம்போல் வெட்டிய புல் தரையில், பந்தை மெல்ல உருட்டி விடுவது ஒன்று. அந்த ஒன்றுதான் பட்டர். பார்ப்பதற்கு எல்லாவற்றிலும் சாது. ஆனால் கணக்குப் பார்த்தால் இதைப்போல் அதிகாரம் உடையது வேறில்லை. 18 குழிகளை 72 அடிகளில் முடிக்க வேண்டும் என்று விதித்திருக்கும் மைதானத்தில், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் பட்டருக்கென்றே ஒதுக்கப்பட்டவை. சரிபாதி!

"இது துரைமார் விளையாட்டு ஆயிற்றே, இதற்கு நம் பத்திரிகையில் இடமா?" என்று முகம் சுளிக்கும் நேயர்களும் உண்டு. துரைமார் கொண்டு வந்ததுதான், சந்தேகமில்லை. ஸ்காட்லாந்தில் வளர்ந்த இந்த ஆட்டத்துக்கு 1829-லேயே கல்கத்தாவில் ஒரு சங்கம் ஏற்பட்டுவிட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதுதான் மிகப் பழமையானது. பெங்களூரில் 1876-லும், நமது கொடைக்கானலில் 1895-லும் சங்கங்கள் தோன்றின. அவற்றில் துரைமார் ஆடினார்கள். நம்மவர்கள் பை சுமந்தார்கள். ஆனால் பிற்காலத்தில் நடந்ததைப் பாருங்கள். டில்லியில் பை சுமந்து வளர்ந்த அலி ஷேர்தான் 1991-ஆம் வருஷம் இந்தியன் ஓபன் பந்தயத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர். பெங்களூரில் பை சுமந்த முனியப்பா 2009-ல் அதே பந்தயத்தை வென்றார். கல்கத்தா மைதானத்தில் புல்லைப் பராமரித்தவரின் புதல்வர் சௌராசியா 2016, 2017 ஆகிய இரண்டு வருஷங்களிலும் தொடர்ந்து வென்றார். அவருடைய பெயரே, குழியருகு ஆட்டத்தின் பெருமையினால், தோழர்கள் வாயில் வேடிக்கையாகத் திரிந்து வழங்கியது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூர்க் குமாரி அதிதி அசோக் நான்காவது இடத்துக்கு வந்தார். பதக்கத்துக்கும் அவருக்கும் நடுவே நின்றது ஒரே ஓர் அடி. அதிதியும் தூரத்தை நம்பியவர் அல்லர், பட்டரை நம்பியவர். ஆகையால் இந்த விளையாட்டு இப்போது நம்முடையதும்தான். அதன் கருவியை மாத்திரம் தொடமாட்டோம், அதற்கு ஆள் வேண்டும் என்பது துரைத்தனத்தின் மிச்சமென்றே நமக்குத் தோன்றுகிறது.

இது நிற்க. பிடிக்கு வருவோம்.

ஹிக்கரி மரத் தண்டுகள் வழங்கிய காலத்தில் பிடி என்பது தோல் வார்தான். தண்டின்மேல் துணியைச் சுற்றி, அதன்மேல் தோல் வாரைப் புரிபுரியாகச் சுற்றி, இரு முனையையும் மெழுகு நூலால் கட்டுவார்கள். தளர்ந்தால் அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொள்ள வேண்டியதுதான். எஃகுத் தண்டுக்கு அமெரிக்கச் சங்கம் 1924-லும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் 1929-லும் அனுமதி கொடுத்தன. பிறகு, உறைபோல் மேலிருந்து மாட்டும் ரப்பர்ப் பிடி வந்தது. கிரிக்கெட் மட்டைக்கு ரப்பர்க் குழாயைக் கூம்பில் ஏற்றி உருட்டி மாட்டுவதை நேயர்கள் வீட்டுப் பையன்கள் செய்யக் கண்டிருப்பார்கள். இதுவும் அதற்குத் தாயாதி முறைதான். ஒரு வித்தியாசம் உண்டு.

அந்த வித்தியாசத்தில்தான் தகப்பனாரின் பாதி நியாயம் அடங்கியிருக்கிறது. மற்ற கோல்ப் மட்டைகளின் பிடி வட்டமாகவே இருக்கவேண்டும் என்பது சட்டம். பட்டருக்கு மட்டும் சலுகை உண்டு. அதன் பிடியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கலாம். இரண்டு கட்டை விரல்களும் அந்தத் தட்டையின்மேல் படிந்து உட்காரும். வட்டப் பிடியை எப்படித் திருப்பி மாட்டினாலும் பெரிய தோஷமில்லை. தட்டைப் பிடி சற்றுத் திரும்பிவிட்டால், கட்டை விரல் ஒரு திசையைச் சொல்லும்; மட்டையின் முகம் வேறு திசையைச் சொல்லும். கண் திருத்தப் பார்க்கும், கை எதிர்க்கும்.

மாணவர்களுக்குத் திரிகோண கணிதம் சொல்லிக் கொடுக்கும் பழக்கத்தினால் இதற்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். பந்து பெரும்பாலும் மட்டை முகம் பார்த்த திசையிலேயே புறப்படும். முகம் 1 டிகிரி திரும்பியிருந்தால், 10 அடி தூரம் போவதற்குள் பந்து ஏறக்குறைய 2.1 அங்குலம் விலகிவிடும். குழியின் விட்டம் 4¼ அங்குலம். நடுவிலிருந்து விளிம்புக்கு 2⅛ அங்குலம். அதாவது, நடுக் குழியைக் குறி வைத்த பந்து விளிம்பை முத்தமிட்டு நிற்கும். 2 டிகிரி திரும்பினாலோ குழியைப் பார்க்காமலே போய்விடும். பதக்கத்துக்கும் அதிதிக்கும் நடுவே நின்ற அந்த ஓர் அடியை நினைத்துக்கொள்ளுங்கள். கோணலுக்குத் தகப்பனார் பயந்தது சரி. ஆனால் கோணலைத் தடுக்கும் உபாயம் கடைக்காரரிடம் மட்டும் இருக்கிறது என்று நினைத்ததுதான் சரியல்ல. அது அவர் வீட்டுத் தரையிலேயே இருக்கிறது. எப்படியென்று சொல்லுகிறோம்.

முதலில் பழைய பிடியின் நீளத்தையும், தண்டின் மேல்நுனியின் விட்டத்தையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பட்டர்களில் அந்த விட்டம் சுமார் 15 மில்லிமீட்டர். புதிய பிடியின் உள்துளை அதற்குப் பொருந்துவதாக வாங்க வேண்டும். பிறகு பழையதை அறுத்தெடுப்பது. கொக்கிபோல் வளைந்த கத்தியானால் உத்தமம். அது ரப்பரைக் கிழிக்கும், தண்டைச் சுரண்டாது. தண்டு எஃகாக இல்லாமல் கார்பன் நாரினால் ஆனதென்றால் நேர்க் கத்தியை அதன் பக்கத்திலேயே கொண்டு போகக்கூடாது. ஒரு கீறல் போதும், தண்டு பலஹீனமாகிவிடும். கத்தி எப்போதும் உடம்பைவிட்டு அப்பால் போகவேண்டும். மட்டையைப் பிடித்துக்கொள்ள ஒருவர், அறுக்க ஒருவர் என்று இரண்டு பேர் உட்காருவது நல்லது. தகப்பனாருக்கு இங்கே ஓர் உத்தியோகம் கிடைக்கிறது.

ரப்பர் போன பிறகு அடியில் பழைய டேப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த வேலையில் பொறுமையைச் சோதிப்பது இந்தக் கட்டம்தான். தலைமுடி உலர்த்தும் யந்திரத்தின் சூட்டைக் கொஞ்சம் காட்டினால் இளகும். விரலால் உருட்டி எடுத்துவிடலாம். சூடு காட்டும் வேலை முற்றிலும் முடிந்து, யந்திரத்தை எடுத்து உள்ளே வைத்த பிறகே திரவப் புட்டியைத் திறக்க வேண்டும். பெயின்ட் கடையில் டர்பன்டைன் என்று கேட்டால் கொடுப்பார்களே, அதுதான் திரவம். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். சைக்கிள் கடைகளில் ஹாண்டில் பிடி மாட்டப் பெட்ரோல் ஊற்றுகிறார்களே என்பார்கள்; அவர்கள் செய்தாலும் அது ஆபத்தே. டர்பன்டைனும் தீப்பற்றக் கூடியதுதான். காற்றோட்டமுள்ள வெளித் திண்ணையில், அடுப்புக்கும் சுவாமி விளக்குக்கும் எட்டாத தூரத்தில் வேலையை வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்டை டர்பன்டைன் துணியால் துடைத்து உலர விட்டு, இரு பக்கமும் ஒட்டும் டேப்பைப் பிடியின் நீளத்துக்கு ஒட்ட வேண்டும். மேல்நுனியில் ஒரு விரற்கடை அதிகம் விட்டு, அதை முறுக்கி, தண்டின் துவாரத்துக்குள் மடித்துச் செருகிவிட வேண்டும். திரவம் தண்டுக்குள் இறங்காமலும், எஃகின் கூர்மையான விளிம்பு புதுப் பிடியின் உட்புறத்தைக் கிழிக்காமலும் அது காக்கும்.

இனிமேல்தான் சுறுசுறுப்பு வேண்டும். புதுப் பிடியின் தலையில் ஒரு சிறு மூச்சுத் துளை இருக்கும். அதை விரலால் அடைத்துக்கொண்டு, பிடிக்குள் கொஞ்சம் டர்பன்டைனை ஊற்றி, திறந்த வாயையும் பொத்திக் குலுக்கி, அந்தத் திரவத்தையே டேப்பின்மேல் முழுவதும் நனையும்படி வடிக்க வேண்டும். கீழே ஒரு பழைய தட்டு இருக்கட்டும். உடனே பிடியின் வாயைத் தண்டில் ஏற்றி, ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். நடுவழியில் நின்று யோசிப்பவர்களுக்குப் பிடி அங்கேயே உட்கார்ந்துவிடும்! தண்டின் நுனி பிடியின் தலையில் இடிப்பது கைக்குத் தெரியும் வரையில் தள்ள வேண்டும். மெத்தென்ற தடித்த நுரைப் பிடிகளானால் அவற்றைத் தயாரித்தவர் என்ன திரவம் சொல்லியிருக்கிறாரோ அதை மட்டுமே உபயோகிக்க வேண்டும்.

இப்போது தரைக்கு வருவோம். டேப் நனைந்திருக்கும் சில நிமிஷங்களுக்குப் பிடியை இப்படியும் அப்படியும் திருப்பலாம். டைல்ஸ் பதித்த தரையில் நெடுக்குக் கோடும் குறுக்குக் கோடும் ஒன்றையொன்று சரியான நேர்கோணத்தில் வெட்டுகின்றன அல்லவா? தச்சர்கள் கையில் வைத்திருக்கும் மூலைமட்டம் நம் தரை முழுதும் விரிந்து கிடக்கிறது! ஆடுவதற்கு நிற்பதுபோலவே நின்று, மட்டையின் முகத்தை ஒரு கோட்டின்மேல் பொருத்தி வைக்க வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது பிடியின் தட்டைப் பக்கத்தின் அகலம் மற்றக் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். பிடியும் முகமும் நேர்கோணத்தில் அமைந்தன என்பதற்கு அதுவே அடையாளம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பிறகு இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். திருப்தியானபின் மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, மறுநாள் காலை வரையில் தொடாமல் இருக்க வேண்டும். பதின்மூன்று வயதில் அந்தக் கடைசி நிபந்தனைதான் கஷ்டம்.

சகோதரி இன்னொன்றும் கேட்டிருக்கிறார். கடையில் பருத்த பிடிகளைக் காட்டி, "இதுதான் இப்போது எல்லோரும் வாங்குவது" என்கிறார்களாம். தென் கொரியாவின் கே. ஜே. சோய் 2007-ல் அப்படிப்பட்ட பிடியுடன் அமெரிக்கப் பந்தயத்தில் வென்ற பிறகு அந்த மோகம் பரவியது வாஸ்தவம். மணிக்கட்டின் துடிப்பைப் பருத்த பிடி அடக்கும் என்கிறார்கள். சிலருக்கு அடக்கவும் செய்கிறது. சட்டமும் 1¾ அங்குலம் வரையில் பருமனை அனுமதிக்கிறது. ஆனால் குழந்தையின் கை சிறியது, விரல் மெல்லியது. பிடி கனத்தால் மட்டையின் தலை கனம் குறைந்ததுபோல் தோன்றி, பந்தைத் தள்ளும் அளவும் மாறிப்போகும். பந்தயத்துக்கு ஒரு மாதமே இருக்கையில், பழைய பிடியின் பருமனுக்கும் எடைக்கும் ஒத்த புதியதை மாட்டுவதே விவேகம் என்பது நமது அபிப்பிராயம். பருமனைக் கொஞ்சம் கூட்ட வேண்டுமென்று பிறகு தோன்றினால், அடியில் இன்னும் ஒரு சுற்று டேப் போதும்.

டர்பன்டைன் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாமல், கொடியில் விரித்துக் காயப் போட வேண்டும். அடுப்பங்கரைக் கொடியில் அல்ல; கொல்லைப்புறக் கொடியில்.