வார்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள்!

2003 மார்ச் 4-ம் தேதி. ஹாங்காங்கின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனையில், நிமோனியா பாதித்த 26 வயது இளைஞர் ஒருவர் '8ஏ' வார்டில் சேர்க்கப்பட்டார். மூச்சு எளிதாக வருவதற்காக அவருக்கு நெபுலைசர் மூலம் மருந்து கொடுத்தார்கள். அவரைத் தாக்கியிருப்பது சார்ஸ் என்ற புதிய வைரஸ் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அவரிடமிருந்து நேரடியாகவோ, மற்றவர்கள் வழியாகவோ தொற்றிக்கொண்டு மார்ச் 11 முதல் 25 வரை அதே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 138 பேர். அவர்களில் 69 பேர் டாக்டர்கள், நர்ஸ்கள் உள்ளிட்ட ஊழியர்கள். 16 பேர் மருத்துவ மாணவர்கள். மற்றவர்கள், வேறு நோய்க்காக அங்கே படுத்திருந்தவர்களும் உறவினரைப் பார்க்க வந்தவர்களும்தான்.

அந்த இளைஞரின் கட்டிலுக்கு அருகே போகாதவர்களுக்கும் நோய் வந்தது எப்படி? பின்னர் ஆய்வு செய்தவர்கள், யார் யார் எந்தக் கட்டிலில் இருந்தார்கள் என்பதையும் வார்டில் காற்று போன பாதையையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பெருமளவு பொருந்தின.

இதைப் புரிந்துகொள்ள ஓர் ஊதுபத்தி போதும். மூடிய அறையில் ஏற்றினால், சற்று நேரத்தில் மூலை முடுக்கெல்லாம் மணக்கும். ஜன்னலைத் திறந்தால் புகை கலைந்துவிடும். நாம் மூச்சு விடும்போதும் பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் துளிகளும் இப்படித்தான். பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளோ, புகையைப் போல மிதந்துகொண்டே இருக்கும். சார்ஸ், கொரோனா, ஃப்ளூ, தட்டம்மை வைரஸ்கள் இவற்றில் ஏறிப் பயணிக்கக்கூடியவை.

அதே ஆண்டு சார்ஸ், வியட்நாமின் ஹனோய் நகரையும் தாக்கியது. அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் ஊழியர்கள் பலருக்கும் தொற்று பரவியது. நோயாளிகளைக் கவனித்த இன்னொரு மருத்துவமனையான பாக் மாயில், ஊழியர் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை. அங்கே பெரிய அறைகள், திறந்து வைத்த ஜன்னல்கள், சுழலும் மின்விசிறிகள். மாஸ்க் போன்ற முன்னெச்சரிக்கைகளும் உதவியிருக்கலாம். ஆனால், காற்றோட்டத்தின் பங்கையும் நிபுணர்கள் முக்கியமாகக் குறிப்பிட்டார்கள்.

காற்றோட்டத்துக்குக் கணக்கும் உண்டு. அறையின் காற்று மணிக்கு 12 முறை மாறினால், மிதக்கும் துகள்களில் 99 சதவிகிதம் சுமார் 23 நிமிடங்களில் வெளியேறிவிடும். 2 முறை மட்டுமே மாறினால், அதற்கு 2 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதனால்தான் காற்றில் பரவும் நோய்களுக்கான தனி அறைகளில் மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டும் என்கிறார்கள். அந்த அறைகளில் காற்று உள்ளே வருமே தவிர, நடைபாதைக்குப் போகாது.

சாதாரண வார்டுகளில் இந்த வசதி இருக்காது. பெரும்பாலான ஸ்ப்ளிட் ஏசிகள், அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் குளிரவைத்துச் சுற்றவிடுகின்றன. குளுகுளுவென்று இருப்பதாலேயே அது சுத்தமான காற்று ஆகிவிடாது.

நோயாளியைப் பார்க்கப் போகும் குடும்பங்கள் செய்யக்கூடியவை எளியவைதான். சளி, காய்ச்சல் இருந்தால் நேரில் போகாமல் போனில் விசாரிக்கலாம். குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துச் செல்லாமல் இருப்பது நல்லது. கும்பலாகப் போகாமல் ஒருவர், இருவராகப் போய், சீக்கிரம் திரும்பலாம். இருமும் நோயாளிக்குச் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க்கே துளிகளைப் பெருமளவு தடுக்கும். உடன் இருப்பவருக்கு, முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 கூடுதல் பாதுகாப்பு. அருகில் நெபுலைசர் ஓடும்போது பார்வையாளர்கள் சற்று நேரம் வெளியே நிற்கலாம்.

பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் அறுவை சிகிச்சை முடிந்தவராக, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவராக இருக்கலாம். நமக்கு வெறும் சளியாக வந்து போகும் வைரஸ், அவருக்கு உயிராபத்து. ஆகவே, "இந்த ஜன்னலைத் திறக்கலாமா சிஸ்டர்?" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.