கறுவா சென்ற கால்வாய்

ஊர் சுற்றிப் பார்ப்பது வீண்செலவு என்று கருதுவோர் நம்மிடையே உளர். கண்டதைப் பற்றி எண்ணிப் பாராது திரும்புவோருக்கு அது வீண்செலவுதான். எண்ணிப் பார்ப்போருக்கோ இரண்டு நாட் பயணமும் ஒரு நல்ல பாடமாக அமையும்.

மார்கழியில் நம் மாத்தளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழையில் நனைந்து குளிரும். அதே வேளையில் மேற்குக் கரையிலே வெயில் எறிக்கும், கடலும் அடங்கியிருக்கும். ஆதலின், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடுமுறையில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நீர்கொழும்பு சென்றிருந்தேன். உக்குவளையிற் புகையிரதம் ஏறிக் கண்டி வழியாகச் சென்று, றாகமையில் இறங்கிப் புத்தளம் பாதை வண்டிக்கு மாறினோம்.

கால்வாய் நகரம் என்றால் இத்தாலியின் வெனிசும் சீனத்தின் சூசோவும் நினைவுக்கு வரும். சூசோ நகரை ஊடறுத்துச் செல்லும் சீனப் பெருங்கால்வாய் ஏறக்குறைய 1,800 கிலோமீற்றர் நீளமுடையது. 2014ஆம் ஆண்டில் அது உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்டது. நீர்கொழும்புக் கால்வாய் அத்துணைப் பெரியதன்று. ஆயினும் நமக்கு அண்மையில் உள்ளது. நம் நாட்டின் கதையைச் சொல்வது.

நகரின் நடுவே வீடுகளின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டு கால்வாய் செல்கிறது. இருமருங்கும் மீன்பிடிப் படகுகள் நெருங்கி நிற்கின்றன. கடற்கரை மணலிற் பாய்கள் விரித்து மீன் உலர்த்துகின்றனர். ஒல்லாந்தர் கோட்டையில் எஞ்சியிருக்கும் வாயிலில் 1678 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. போர்த்துக்கேயரிடமிருந்து அக்கோட்டையை 1640இல் ஒல்லாந்தர் பிடித்தனர், அவ்வாண்டிலேயே இழந்தனர், 1644இல் மீண்டும் கைப்பற்றினர். இவ்வளவு போராட்டமும் எதற்காக என்று மாணவன் ஒருவன் கேட்டான். கறுவாவுக்காக என்றேன். சமையலறையிலே சிறு போத்தலில் இருக்கும் அந்தப் பட்டைக்காகவா என்று அவன் வியந்தான்.

அந்தப் பட்டைக்காகத்தான். இப்பகுதியிற் செழித்த கறுவா ஐரோப்பியச் சந்தையிற் பெருவிலை பெற்றது. அதனை உரிப்போர் கட்டாய ஊழியத்தில் வருந்தினர். மாட்டுவண்டியில் ஏற்றுவதினும் தோணியில் ஏற்றுவது எளிது. ஆகவே களப்புகளையும் ஆறுகளையும் இணைத்து ஒல்லாந்தர் கால்வாய்களைத் திருத்தியும் வெட்டியும் நீட்டினர். களனி ஆற்றிலிருந்து நீர்கொழும்பை அடைந்து, அப்பால் புத்தளம்வரை நீர்வழி அமைந்தது. பின்னர் வந்த ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த பகுதி இன்றும் ஹமில்டன் கால்வாய் என வழங்குகிறது.

வெளியே சென்ற கறுவாவுக்குக் கணக்கேடுகள் உண்டு. உள்ளே வந்தது யாது? நீர்கொழும்புக்கும் களனிக்கும் இடையில் முத்துராஜவெல என்னும் பரந்த சதுப்புநிலம் கிடக்கிறது. முன்னாளில் அது நெல் விளைந்த வயல். ஐரோப்பியர் ஆட்சியில் வெட்டிய கால்வாய் வழியே கடலின் உப்புநீர் ஏறிற்று, வயல்கள் கெட்டன. ஒல்லாந்தர் அந்நிலத்தை மீட்க முயன்று தோற்றனர். உப்பு நீரை வடித்து வெளியேற்றும் நோக்கத்தோடுதான் ஆங்கிலேயரும் தம் கால்வாயை வெட்டினர். அப்போதும் வயல் மீளவில்லை. பிழையாக வெட்டிய ஒரு வாய்க்காலை அடைப்பது, அதனை வெட்டுவதினும் அரிதாயிற்று. இன்று முத்துராஜவெல பறவைகளுக்கும் முதலைகளுக்கும் புகலிடம். அதன் ஒரு பகுதி 1996இற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இயற்கை அங்கே வேறொரு செல்வத்தை வளர்த்துக்கொண்டது. ஆனால் உழவனின் நெல் போனது போனதுதான்.

வரவும் இழப்பும் ஒருங்கே நிகழ்ந்த இன்னொன்றையும் அங்கே கண்டோம். கடற்கரைத் தெருவில் அம்மன் கோயிலும் பிள்ளையார் கோயிலும் வழிபட்டுத் திரும்புகையில், கரையில் வலை திருத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்முடன் தமிழிலே உரையாடினார். அவர் கத்தோலிக்கர். அருகில் நின்ற பேரனோ சிங்களத்தில் மட்டுமே மறுமொழி சொன்னான். இக்கரையின் மீனவக் குடும்பங்கள் பலவற்றில் இருமொழியும் வழங்கி வந்தன. பாடசாலை மொழி சிங்களமானபின் இளையோரிடம் தமிழ் தேய்ந்தது. இன்னொரு மொழி கற்பது இலாபமே, அதில் ஐயமில்லை. கற்ற மொழியோடு பாட்டனின் மொழியும் வீட்டில் நின்றிருந்தால் இலாபம் இரட்டிப்பாகியிருக்கும். தமிழ்ப் பெற்றோர் இதைச் சிந்திப்பார்களாக.

ஆண்டுதோறும் விடுமுறை வருகிறது. வசதியுள்ள குடும்பத்தினர் பிள்ளைகளை நீர்கொழும்புக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். கோட்டை வாயிலையும் மீன்சந்தையையும் காட்டுங்கள். கால்வாயில் மிதக்கும் குப்பையையும் மறையாது காட்டுங்கள். பேரரசுகள் வெட்டிய நீர்வழியைக் காப்பது இன்று குடிமக்கள் கையில் இருக்கிறதென்பதை அவர்கள் உணரட்டும்.

வசதியில்லாதோர் வருந்த வேண்டுவதில்லை. பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர், மலையைக் குடைந்த ஏறக்குறைய 8 கிலோமீற்றர்ச் சுரங்கத்தின் வழியே நம் உக்குவளைக்கு வருகிறது. 1976ஆம் ஆண்டு முதல் இங்கே மின்னாக்கி, சுது கங்கையிற் கலந்து, அம்பன் கங்கை வழியாக வறண்ட நிலத்து வயல்களுக்குச் செல்கிறது. நீர்கொழும்பின் கால்வாய் நெல்லைக் கெடுத்தது. நம்மூர் வழியே செல்லும் நீர் நெல்லை விளைக்கிறது. எனினும் இரண்டிடத்தும் கேட்கவேண்டிய வினா ஒன்றே: இந்நீர் எவர்க்கு எதைக் கொடுத்தது, எவரிடமிருந்து எதை எடுத்தது? இவ்வினாவைக் கேட்கப் பழகிய மாணவனுக்கு, தன் ஊர் வாய்க்காலும் ஒரு சரித்திர நூலே.